கீழே நின்று மூன்று நிமிடம்

வலது கையை அங்கிக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இடது கை சொன்னபடி கேட்டது. வலது கை முழங்கையில் மடங்கவே மறுத்தது.

"கொஞ்சம் விட்டுக்குடும்மா," என்றாள் மார்வா.

உயிரோடு இருந்தபோதே ஒடெஸா பெல்டன் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்தவள் அல்ல. மார்வா அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, அங்கியின் கையைப் பின்னாலிருந்து இழுத்தாள். கறுப்பு அங்கி. முன்பக்கம் இரண்டு புறமும் ஊதா வெல்வெட் பட்டை. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும் கோடுகள் கைகளில். காலையிலேயே அதை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் காரின் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அடக்க நிலையம் நடத்தும் ஹாக்கெட் கதவருகே வந்து நின்றார். தொலைபேசியை நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தார். அந்த ஊரில் கறுப்பர்கள் யார் செத்தாலும் கடைசியில் அவர் கைக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பேசிப் பழகியவர்.

"மிஸ் மார்வா, பாஸ்டர் டாலிவர் லைன்ல இருக்கார்."

"இருக்கட்டும்."

"நாளைக்குப் பெட்டி தொறந்திருக்கும் இல்லியா... அங்கி வேணாம்னு நினைக்கிறார். நம்ம சபையில மூத்த தாய்மாருக்குப் போடுற மாதிரி வெள்ளை கவுன் போட்டா நல்லா இருக்கும்ங்கிறார். சில பேருக்கு மனசு சங்கடப்படுமாம்."

மார்வா ஒரு இழுப்பு இழுத்தாள். மணிக்கட்டு வெளியே வந்தது.

"கை உள்ள போயிடுச்சுன்னு சொல்லுங்க. வேணும்னா அவரே வந்து கழட்டட்டும்."

ஹாக்கெட் தொலைபேசியைக் காதில் வைத்தார். "குடும்பத்தார் யோசிச்சுட்டிருக்காங்க பாஸ்டர்," என்றார்.

மார்வா அட்லாண்டாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குடித்துவிட்டு ஏறுகிறவன், பல்லைக் காட்டுகிறவன், சில்லறைக்குச் சண்டை போடுகிறவன் எல்லோரையும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்காரவைப்பாள். அவள் அம்மா ஒரு வேதாகமக் கல்லூரியின் தலைவி. கல்லூரி விருந்துகளில் மகளை அறிமுகப்படுத்தும்போது, "இவள் போக்குவரத்துத் துறையில் இருக்கிறாள்" என்பாள். அதற்காக அம்மாவோடு மார்வா பேசாமல் இருந்த காலமும் உண்டு. இப்போது அந்த அம்மாவின் கழுத்தடியில் கொக்கியை மாட்டிவிட்டு, பட்டையை நேராக்கிவிட்டு, கார்ச் சாவியை எடுத்தாள். பாஸ்டர் மேலிருந்த கோபத்தோடுதான் வண்டியை எடுத்தாள்.

டாலிவரின் ஒலிவெட் சபைக்குப் போகும் சாலையின் இருபுறமும் பீக்கன் கொட்டை மரத் தோப்புகள். மழை பெய்து செம்மண் சாலையோரம் வரை வழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இந்தச் சபையைப் பற்றித்தான் அம்மாவோடு சண்டை போட்டாள்.

"ஏம்மா அந்தச் சபை? உனக்குன்னு ஒரு சபை இருக்கு. காலேஜ்ல சேப்பல் இருக்கு. துரத்தி விட்டவங்ககிட்டயா போய்ப் படுக்கணும்?"

மூக்கில் குழாயோடு ஒடெஸா சொன்னாள்: "அவங்க துரத்துனாங்க. நான் போகலயே."

"போகாம? மூட்டை கட்டிட்டுத்தான போன?"

"ஊரைவிட்டுப் போனேன். எங்கம்மா பக்கத்துல என்னைப் புதைக்கணும். என்கிட்ட படிச்ச டெலோரிஸ் பிரசங்கம் பண்ணணும். மேல நின்னு பண்ணணும், தெரியுதா? மேல."

அந்த 'மேல' என்ற சொல்லுக்குள் ஒரு வாழ்நாள் கிடந்தது.

இருபத்திரண்டு வயதில் ஒலிவெட் சபையில் ஞாயிறுபள்ளி நடத்திக்கொண்டிருந்தாள் ஒடெஸா. ஒரு நாள் ஆராதனை முடிவில் எழுந்து, ஆண்டவர் தன்னைப் பிரசங்கம் பண்ண அழைக்கிறார் என்று சொன்னாள். மறுவாரம் மூப்பர்கள் சபை முழுவதையும் கூட்டினார்கள். யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டபோது, எழுந்து நின்றவள் ஒடெஸாவின் சொந்த அக்கா லூவீனியா. "எங்க ஒடெஸாவுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. என்னென்னமோ பேசுறா. மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். சபையே சிரித்தது. பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன்னால் வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அம்மா ஒருமுறை மகளுக்குக் கைதட்டி எண்ணிக் காட்டியிருக்கிறாள்.

ஒடெஸா பேருந்து ஏறினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை, பகலில் இறையியல் வகுப்பு. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் அவளைத் துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்துக் குப்பைக்கூடையைக் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கொட்டிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கூடப் படித்த கறுப்புப் பையன்கள் படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு சபைக்குப் போனார்கள். அவளை எந்தச் சபையும் எடுக்கவில்லை. அந்தப் பையன்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. மற்ற சபைகளில் அழைத்தால் போய்ப் பேசுவாள். எங்கும் பீடத்தில் ஏற விடமாட்டார்கள். கீழே, காணிக்கை மேசைக்குப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். அது பிரசங்கம் இல்லையாம், "வார்த்தை பகிர்தல்". நாற்பது தாண்டிய பிறகு வேறொரு சபைப்பிரிவு அவளுக்குப் போதகியாக அபிஷேகம் கொடுத்தது. டயர்க் கடையாக இருந்த ஒரு கொட்டகையில், கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே, பத்துப்பேரை வைத்து ஒரு சபை தொடங்கினாள். அது பெரிய சபையாயிற்று. கல்லூரியும் கடைசியில் அவளைத் தலைவியாக்கியது. கடன்பட்டு மூடும் நிலைக்கு வந்த பிறகு, ஆண்கள் யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படாதபோது. அவள் அதை மூடவிடவில்லை.

வெள்ளைக்காரர்களிடம் பட்டதைப் பிரசங்கத்தில் சொல்வாள், சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சொந்தச் சபையில் பட்டதை அவள் எந்தப் பீடத்திலும் சொன்னதில்லை.

டாலிவரின் அலுவலகத்தில் குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. மனிதர் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மார்வா கொடுக்கவில்லை. மேசைமேல் நாளைய ஆராதனைக்கான அச்சிட்ட தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மேலே அம்மாவின் படம். கீழே "சிஸ்டர் ஒடெஸா பெல்டன்".

"இது யாரு?" என்றாள் மார்வா.

"புரியல."

"ரெவரெண்ட் டாக்டர் ஒடெஸா பெல்டனுக்கு அடக்கம் பண்ணக் கேட்டோம். இது யாரோ சிஸ்டர்னு போட்டிருக்கு."

"ஆண்டவர் முன்னால நாம எல்லாரும் சகோதர சகோதரிங்கதானே, மிஸ் மார்வா."

"உங்க பேர் கீழ இருக்கு. அதுல ரெவரெண்ட் போட்டிருக்கே?"

"அது பதவி."

"இதுவும் பதவிதான்."

டாலிவர் மெல்ல உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய பட்டச் சான்றிதழ் சட்டத்துக்குள் தொங்கியது. அதன் அடியில் கல்லூரித் தலைவியின் கையெழுத்து. அந்த 'ஒ'வை அம்மா எப்போதும் அப்படித்தான் பெரிதாகச் சுழித்துப் போடுவாள். மார்வா அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"உங்கம்மா எனக்கு ஆசிரியர். என்னைவிட அவங்களை மதிக்கிறவன் இந்த ஊர்ல இல்ல. அங்கியோடயே இருக்கட்டும், அதை நான் சமாளிச்சுக்கிறேன். ஆனா பீடம் என் சொத்து இல்ல. மூப்பருங்க இருக்காங்க. சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு. டெலோரிஸ் சிஸ்டர் கீழ நின்னு மூணு நிமிஷம் பேசலாம். மைக் வைக்கச் சொல்றேன்."

"எங்கம்மா கேட்டது மேல."

"உங்கம்மாவுக்கு எங்க ஒழுங்கு தெரியும்."

"கிரேக்கத்துல உங்களுக்கு எத்தன தடவ ஃபெயில் போட்டாங்க?"

அவர் சிரிக்க முயன்றார். "ரெண்டு தடவ."

"மூணாவது தடவையும் போட்டிருக்கணும்."

வெளியே கார் நிறுத்தத்தில் டெலோரிஸ் காத்திருந்தாள். ஒடெஸாவிடம் படித்து, ஒடெஸாவின் கையால் அபிஷேகம் வாங்கி, இன்று மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கும் போதகி. தடித்த உடம்பு, குரலும் அப்படியே. மார்வா சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் தோளைக் குலுக்கினாள்.

"கீழயே நின்னு பேசிட்டுப் போறேன் மார்வா. உங்கம்மா எத்தன வருஷம் கீழ நின்னவங்க."

"அதுக்குத்தான் சொல்றேன், போதும்னு."

"அடக்கம்மா இது. சண்டை போடுற நாளா?"

"நீங்களும் இப்படிப் பேசுனா எப்படி? எல்லாரும் இப்படியே கையக் கட்டி நின்னு நின்னுதான் அவனுங்க இப்படி உக்காந்திருக்கானுங்க." அவள் குரல் உயர்ந்ததில் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டெலோரிஸ் அவருக்குக் கையசைத்துவிட்டுத் தன் வண்டிக் கதவைத் திறந்தாள்.

மார்வாவுக்குத் தங்க இடம் பெரியம்மாவின் வீடுதான். வேறு சொந்தம் ஊரில் இல்லை. லூவீனியா பெரியம்மா சமையலறையில் கேக்குக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது சபைத் தாய்மாரின் வேலை. அந்தத் தாய்மாருக்கு இவள்தான் தலைவி. எண்பதைத் தாண்டியும் மின் கலக்கியைத் தொடமாட்டாள், மரக்கரண்டிதான்.

"அவ முகம் எப்படி இருக்கு?" என்றாள், திரும்பாமல்.

"நாளைக்கு வந்து பாருங்க."

கரண்டி சுற்றியது. அக்காவும் தங்கையும் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். மழை, வெயில், கால் வலி. அதோடு சரி. அம்மா கல்லூரித் தலைவியான நாளில் இவள் ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. அம்மா அன்று தபால் வரும்வரை வாசலில் நின்றாள் என்பது மார்வாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"பெரியம்மா, அன்னிக்கு ஏன் எந்திரிச்சீங்க?"

கரண்டி நின்றது.

"எல்லாரும் சும்மா இருந்தாங்க. நீங்க மட்டும் ஏன் எந்திரிச்சீங்க? சும்மா உக்காந்திருந்தா போதுமே. அம்மா அதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பா."

லூவீனியா கிண்ணத்தைச் சாய்த்து மாவை அச்சில் ஊற்றினாள். ஓரத்தில் ஒட்டியதை விரலால் வழித்தாள். விரலைத் துடைக்கத் துணியைத் தேடினாள். துணி அவள் தோளிலேயே கிடந்தது.

"அடுப்பு சூடாயிடுச்சு," என்றாள். "தள்ளு, கதவைத் தொறக்கணும்."



மறுநாள் காலை சபை நிரம்பி வழிந்தது. கல்லூரியிலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள், டயர்க் கடைச் சபையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள், ஊர்க்காரர்கள். வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் வாசலில் நின்று விசிறி கொடுத்தார்கள். பெட்டி பீடத்தின் படிகளுக்குக் கீழே திறந்திருந்தது. அங்கியில் அம்மா கண்டிப்பானவளாகத் தெரிந்தாள், பரீட்சை அறையில் மேற்பார்வை செய்கிறவள்போல. பெட்டியைச் சுமக்க அவளிடம் படித்த ஆறு பேரை அம்மாவே சொல்லிவைத்திருந்தாள். ஆறு பேரும் இப்போது பெரிய பெரிய சபைகளின் போதகர்கள். கறுப்பு உடையில் இரண்டாம் வரிசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லூவீனியா வெள்ளைத் தொப்பியும் வெள்ளை உடையுமாகத் தாய்மார் வரிசையில். பெட்டிக்குப் போய்த் தங்கையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

பாட்டு, ஜெபம், இன்னொரு பாட்டு. பாடகர் குழு எழும்போதெல்லாம் கூட்டமும் எழுந்தது. மார்வா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். தாளில் அடுத்தது "வார்த்தை பகிர்தல், சிஸ்டர் டெலோரிஸ் பிக்கெட்" என்று இருந்தது. கீழே ஒரு மைக் நின்றது. டெலோரிஸ் தன் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு இருக்கையின் நுனிக்கு வந்தாள்.

டாலிவர் பீடத்தில் எழுந்தார். "நேரம் போயிட்டே இருக்கு, பிரியமானவங்களே. வெயிலும் ஏறுது. அதனால நேரா தேவசெய்திக்கு வந்துடலாம்."

டெலோரிஸ் அப்படியே நின்றாள். பாதி எழுந்தவள் பாதியில். பிறகு உட்கார்ந்தாள். மூன்று நிமிடமும் போயிற்று.

மார்வாவின் காதுக்குள் இரைந்தது. டாலிவரின் சொற்கள் அதற்குள்ளிருந்து துண்டு துண்டாக வந்தன. அவர் நல்ல பேச்சாளர். பேசக் கற்றுக்கொடுத்தவள் யார் என்பதும் அந்த ஏற்ற இறக்கத்தில் தெரிந்தது.

"...சிஸ்டர் ஒடெஸா தன் இடத்தை அறிஞ்சவங்க. ஆமென் சொல்லுவீங்களா?"

சிலர் சொன்னார்கள்.

"எத்தனையோ ஆண்களைப் பீடத்துல ஏத்திவிட்டாங்க. ஒரு நாளாவது தான் ஏறணும்னு ஆசைப்பட்டாங்களா? இல்ல! பின்னால நின்னாங்க. ஏணியா இருந்தாங்க. சகோதரிகளே, அதுதான்—"

மார்வா எழுந்தாள்.

பெட்டிவரை நடந்தாள். குனிந்து அம்மாவின் பட்டையைச் சரிசெய்வதுபோலத் தொட்டாள். பிறகு மூடியை இறக்கினாள். அது பொருந்திய சத்தம் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது.

"இதை அவ கேக்க வேண்டாம்," என்றாள். கூட்டமான பேருந்தில் பின்னால் நிற்பவனுக்குச் சொல்லும் குரல். கத்தவில்லை, ஆனால் கேட்காதவர் யாரும் இல்லை.

"மிஸ் மார்வா," என்றார் டாலிவர், மேலே இருந்து. "உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது."

"துக்கம் இல்ல இது. நீங்க பொய் சொல்றீங்க. அந்தப் பீடத்துல நின்னுட்டுப் பொய் சொல்றீங்க. ஆசைப்படலயாம்! வாழ்க்கை பூரா அவ ஆசைப்பட்டது அது ஒண்ணுக்குத்தான். அதைக் கேட்டதுக்கு இதே எடத்துல உக்காந்து எல்லாரும் சிரிச்சீங்க. அவளைப் பெத்த தகப்பன் முன்னால சிரிச்சீங்க. செத்த பிறகு ஏணியா அவ?"

"உடம்பு சரியில்லாத மாதிரி—" என்று மூப்பர் ஒருவர் ஆரம்பித்தார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மார்வா. அதைச் சொல்லும்போது அவள் பார்வை தாய்மார் வரிசைக்குப் போயிற்று. வெள்ளைத் தொப்பி அசையவில்லை.

இரண்டாம் வரிசைக்குத் திரும்பினாள். "தூக்குங்க."

ஆறு பேரும் பீடத்தைப் பார்த்தார்கள்.

"அவரை என்ன பார்க்கிறீங்க? தூக்கச் சொல்லி உங்களைக் கேட்டது அவர் இல்ல. குழி வெளிய வெட்டியிருக்கு. அங்க மூப்பருங்க இல்ல, ஒழுங்கு இல்ல, ஆகாசம்தான் இருக்கு. டெலோரிஸ் அங்க பேசுவாங்க. தூக்குங்க. இல்லன்னா சொல்லுங்க, பஸ் டயர மாத்துன கை இது, நானே இழுத்துட்டுப் போறேன்."

யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று வாயைப் பொத்தினார்கள். விசிறிகள் நின்றுவிட்டன. முதலில் எழுந்தவர் ஆறு பேரில் பருத்தவர்; சவானாவில் பெரிய சபை வைத்திருப்பவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தார். பிறகு ஒருவர். பிறகு இரண்டு பேர். மீதி இரண்டு பேர் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மார்வா ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். டெலோரிஸ் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொன்றைப் பிடித்தாள்.

"ஹாக்கெட்!" என்றார் டாலிவர். "என்ன நடக்குது? ஆராதனை முடியல!"

ஹாக்கெட் மூடியின் பூட்டைத் திருகினார். "கையெழுத்துப் போட்டது குடும்பம், பாஸ்டர்," என்றார் பணிவாக. நடந்துபோய்க் இரட்டைக் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டம் சபைக்குப் பக்கவாட்டில் இருந்தது. ஜன்னல்களுக்கு நேராக. குழியிலிருந்து எடுத்த செம்மண்ணைப் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். டெலோரிஸ் துணியை உருவி எறிந்துவிட்டு அந்த மண்மேட்டில் ஏறினாள். குதிகால் செருப்பு புதைந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் நின்றாள்.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கல்லூரிக்காரர்கள் மொத்தமாக, டயர்க் கடைச் சபைக்காரர்கள் பாடிக்கொண்டே, பிறகு ஊர்க்காரர்கள் ஒருவர் இருவராக, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. கையுறைப் பெண்கள் வந்தார்கள். உள்ளே டாலிவரின் குரல் இன்னும் கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஆர்கன் வாசிப்பவர் வெளியே வந்ததும் அதுவும் நின்றது. மார்வா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளைத் தொப்பிக்காகத்தான் பார்க்கிறோம் என்பதை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. அது வரவில்லை. சரி, இரு, அங்கேயே இரு என்று பல்லைக் கடித்தாள்.

"அவங்க பாடம் நடத்த வந்த முதல் நாள்," என்று ஆரம்பித்தாள் டெலோரிஸ், "வகுப்புல இருந்த பசங்க எல்லாரும் நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க. பொம்பளைகிட்ட வேதம் படிக்க மாட்டோம்னு. இவங்க என்ன பண்ணினாங்க? கரும்பலகைல எழுதினாங்க. பாடம் நடத்தினாங்க. முழுப் பருவமும் பின்மண்டைகளுக்குப் பாடம் நடத்தினாங்க!"

"சொல்லும்மா!" என்றது கூட்டம்.

"நான் கேட்டேன், எப்படித் தாங்குனீங்க டாக்டர்னு. 'டெலோரிஸ், மண்டை எந்தப் பக்கம் திரும்புனாலும் காது ரெண்டு பக்கமும்தான இருக்கு'ன்னாங்க."

சிரிப்பு வெடித்தது.

"அந்த நாற்காலிங்கள்ல ஒண்ணுல உக்காந்தவர் இப்போ இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தார். பேர் சொல்ல மாட்டேன். இவ்வளவு வேர்க்குதே, அவரே துடைச்சுக்கட்டும்."

சவானாக்காரர் கைக்குட்டையால் கண்ணை அழுத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. டெலோரிஸின் குரல் ஏறியது. இதுவரை இடுப்பளவில் நின்ற குரல் இப்போது மரங்களுக்கு மேலே போயிற்று. சலவைக்கூடம், குப்பைக்கூடை, கிரீஸ் நாற்றம் எல்லாம் வந்தன. கடைசியில் இந்தச் சபையும் வந்தது. அம்மா எந்தப் பீடத்திலும் சொல்லாததை அவள் அந்த மண்மேட்டில் நின்று, பெயர் சொல்லாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். யாரும் நேரம் பார்க்கவில்லை. மார்வா அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள். அவளுக்கு இப்போது நிற்பதற்கு இருந்தது அது ஒன்றுதான்.

பெட்டி இறங்கியது. அவள் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். ஈரமண், விழுந்து ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகர்ந்தார்கள். பொரித்த கோழியின் வாசனை வெளிவரை வந்தது. மார்வாவின் கைப்பை உள்ளே முதல் வரிசையில் கிடந்தது. எடுக்கப் போனாள்.

சபைக்குள் டாலிவர் மட்டும் நின்றிருந்தார், பீடத்துக்குக் கீழே, காணிக்கை மேசையருகில். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துத் தாழ்ந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தாயே, யாராவது பார்த்தா நல்லா இருக்காது. கையைக் குடுங்க, நான் பிடிச்சு இறக்குறேன்."

லூவீனியா மேலே உட்கார்ந்திருந்தாள். போதகரின் நாற்காலியில். வெள்ளைத் தொப்பி நேராக இருந்தது. நாற்காலி பெரியது, அவள் கால்கள் தரையைத் தொடவில்லை.

"ஏறும்போது முட்டி ஒத்துக்கிச்சு," என்றாள் அவரிடம். "இறங்க ஒத்துக்க மாட்டேங்குது."

டாலிவர் மார்வாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க. பெரியவங்க. ஏதோ மனசு கலங்கி..."

பெரியம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது; டெலோரிஸ் பேசியது முழுக்க அங்கே கேட்டிருக்கும். வெளியே மண்வெட்டிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

லூவீனியா தன்னைச் சுற்றிப் பார்த்தாள். இடப்பக்கம், வலப்பக்கம், பிரசங்க மேசையின் உள்பக்கம் வரை எட்டிப் பார்த்தாள்.

"இங்க மேல ஒண்ணுமே இல்லடி," என்றாள். "ஒரு மேசை. நாலு நாற்காலி. ஒரு தண்ணி ஜக்கு."

அவள் கீழுதடு ஆடியது. அதைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

டாலிவர் பக்கக் கதவு வழியாக வெளியே போனார்.

மார்வா கைப்பையை எடுத்தாள். போகத் திரும்பியவள் போகவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றி, அதன் அடியைப் பலகையின் விளிம்பில் தட்டினாள். செம்மண் கட்டியாக உதிர்ந்து சபையின் வெளுத்த கம்பளத்தில் விழுந்தது. அடுத்த செருப்பையும் கழற்றித் தட்டினாள்.